மேலே ஒரு படை போதுமா, அடியோடு கிண்டவேண்டுமா: ஸ்காபரோ வீட்டு ட்ரைவ்வேயின் கணக்கு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டு ட்ரைவ்வேக்கு, அதாவது வீட்டுக்கு முன்னால் கார் விடும் தார்த்தளத்துக்கு, நான் இரண்டு தரம் காசு கட்டினேன். முதல்தரம் பழைய தாருக்கு மேலே ஒன்றரை அங்குலத்தில் புதுப் படை ஒன்று போடுவித்தோம். மூன்றாவது குளிர்காலம் போய் மார்ச்சில் பனி கரைந்தபோது, பழைய வெடிப்புகள் எந்தக் கோட்டில் ஓடினவோ அதே கோட்டில் புதுத் தாரும் பிளந்து கிடந்தது. பிறகு எல்லாவற்றையும் கிண்டி எடுத்துப் புதிதாகப் போட்டோம். எதிர்வீட்டிலும் அதே வருடம் மேற்படைதான் போட்டார்கள். அது இன்றைக்கும் கல்லுப்போல இருக்கிறது. ஒரே தெரு, ஒரே குளிர், ஏறத்தாழ ஒரே வயதுத் தார். வித்தியாசம் எங்கே இருந்தது என்பது எனக்குக் காசு போன பிறகுதான் விளங்கியது. வசந்தகாலத்தில் எஸ்டிமேற் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு அது முதலிலேயே விளங்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் ட்ரைவ்வேயை உடைப்பது காரின் பாரம் மட்டுமல்ல. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். இங்கே குளிர்காலம் முழுக்க ஒரே உறைநிலையில் நிற்பதும் இல்லை. பகலில் கரையும், இரவில் உறையும், அடுத்த கிழமை திரும்பவும் அதே கதை. வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் ஒவ்வொரு தரமும் அதை ஒரு நூலளவு அகலமாக்கும். அதைவிடப் பெரிய சேதம் அடியில் நடக்கிறது. ஸ்காபரோவின் பல இடங்களில் மண் களிப்பிடிப்பானது, தண்ணீரை விடாமல் வைத்திருக்கும். தாருக்குக் கீழே தடிப்பான நொறுங்கல் கல் இல்லாவிட்டால், அந்த ஈரம் உறைந்து நிலத்தையே மேலே தூக்கும். வசந்தத்தில் அது கரைந்து சேறாகும். அந்த நேரத்தில் மேலே கார் ஏறினால், தாங்க ஒன்றும் இல்லாத தார் நொறுங்கத்தான் செய்யும்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது வெடிப்பின் உருவத்தை. தார் நரைத்து, மேலே சின்னக் கல்லுகள் கழன்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளக் கோடுகள் மட்டும் இருந்தால் அது வயது. வெயிலிலும் காற்றிலும் தாரின் பசை வரண்டுவிட்டது, அவ்வளவுதான். மேற்படை இதற்கு நல்ல மருந்து. முதலையின் தோல்போலச் சதுரம் சதுரமாக வெடித்திருந்தால், அல்லது கார்ச்சில்லு நிற்கும் இடம் தாழ்ந்து மழைக்குக் குளமாக நின்றால், பிழை கீழே இருக்கிறது. மழை விட்ட மறுநாள் காரை மெல்ல உருட்டிப் பாருங்கள். வெடிப்புகளுக்குள்ளால் சேற்றுத் தண்ணீர் கொப்பளித்து வந்தால் மேற்படையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. நான் அதைப் பார்த்தும், அதன் அர்த்தம் தெரியாமல் இருந்தேன்.

இரண்டாம் தரம் வந்த வேலைக்காரர் எங்கட ஆள், அறுபது வயதிருக்கும். தாரைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, “தம்பி, மண்வெட்டி இருக்கோ?” என்று கேட்டார். ட்ரைவ்வேயின் ஓரமாக, புல் முடிகிற இடத்தில், கையளவு குழி ஒன்று வெட்டினார். பக்கவாட்டில் பார்த்தால் கேக் வெட்டினதுபோல எல்லாம் தெரிந்தது: மேலே எங்கள் புதுப் படை, அதன் கீழே இரண்டு அங்குலம் பழைய தார், பிறகு மூன்று அங்குலம்கூட வராத கூழாங்கல், அதற்குக் கீழே சாம்பல்நிறக் களி. ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். ஆற்றுக்கல்போல உருண்டையாக இருந்தது. “இது ஒண்டோடொண்டு பிடிக்காது தம்பி. சில்லு ஏற ஏற உருண்டு விலகும். நொறுக்கின கல்லெண்டால்தான் முனைகள் கொளுவிக்கொண்டு நிக்கும்.” களியை விரலால் உருட்டினார், மெழுகுபோல உருண்டது. எதிர்வீட்டு அண்ணையும் வேடிக்கை பார்க்க வந்தார். அவருடைய ஓரத்தையும் கொஞ்சம் கிளறிப் பார்த்தோம். எட்டு அங்குலம் இறங்கியும் நொறுங்கல் கல்தான். முதல்தரம் வந்தவர்கள் மூன்று பேருமே எங்கள் வீட்டில் இந்தக் குழியை வெட்டிப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி இரண்டு வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மேற்படை என்றால் பழையதைக் கழுவிக் கூட்டி, வெடிப்புகளை நிரப்பி, ஒட்டுவதற்கு ஒரு தார்ப்பூச்சு அடித்து, ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் சூட்டுத்தார் போட்டு உருட்டுவது. ஒரு நாளில் முடிந்துவிடும். எனக்குக் கிடைத்த எஸ்டிமேற்களில், முழுவதும் கிண்டும் விலையில் பாதிக்குச் சற்று மேலே நின்றது. நல்ல அத்திவாரத்தில் பத்து வருடமளவு எதிர்பார்க்கலாம். ஆனால் கீழே வெடிப்பு அசைந்துகொண்டிருந்தால் மேற்படை அதை மூடி வைக்காது, அந்த வெடிப்பு மேலே ஏறி வரும்.

அடியோடு போடுவது என்றால் பழைய தாரையும் கெட்ட மண்ணையும் ஒரு அடியளவு வெட்டி எடுத்து, ஆறு முதல் எட்டு அங்குலம் நொறுங்கல் கல்லைப் படைபடையாக இறுக்கி, மேலே இரண்டரை முதல் மூன்று அங்குலம் தார் போடுவது. சில நாட்கள் காரைத் தெருவில் விடவேண்டும். சரியாகச் செய்தால் இருபது வருடம் என்பது பேராசை இல்லை. சரிவைத் திருத்தவும் இதுதான் வழி: அடிக்குக் கால் அங்குலம், வீட்டைவிட்டு வெளிப்பக்கமாக. தண்ணீர் கராஜ் பக்கம் ஓடுகிற ட்ரைவ்வேக்கு மேற்படை போட்டால், அந்தப் பிழையான சரிவையே திரும்பவும் பிரதி எடுத்த மாதிரி இருக்கும்.

உயரத்தைப் பலர் மறந்துபோகிறார்கள். கராஜ் வாசல் சீமெந்து பழைய தாரைவிட ஒரு அங்குலம் மட்டும் உயர்ந்திருந்தால், மேற்படை அதற்கு மேலே வந்துவிடும். உருகும் பனி முழுக்க உள்ளே இறங்கும். நல்ல வேலைக்காரர் வாசலோரமும் நடைபாதையோரமும் பழைய தாரைச் சீவித் தாழ்த்திவிட்டுத்தான் புதியதைப் பொருத்துவார். ஏற்கெனவே ஒருதரம் மேற்படை போட்ட இடத்தில் இன்னொன்று போட எனக்கு மனம் வராது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, அதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. முதலைத்தோல் வெடிப்பு ஒரே மூலையில் மட்டும் இருந்தால், அந்த மூலையைச் சதுரமாக வெட்டிக் கீழே கல் போட்டு இறுக்கிவிட்டு, பிறகு முழு ட்ரைவ்வேக்கும் மேற்படை போடலாம். பெரும்பாலும் அந்த மூலை கூரைத் தண்ணீர்க் குழாய் வந்து விழும் இடமாகத்தான் இருக்கும். குழாயைத் திருப்பாமல் தாரைத் திருத்துவது வீண். பழுதான பரப்பு கால்வாசியைத் தாண்டினால் இந்த ஒட்டுவேலையும் லாபமில்லை, முழுவதும் கிண்டுவதுதான் மலிவு.

எந்த வேலையைத் தெரிவுசெய்தாலும் எழுத்தில் வாங்குங்கள். “மூன்று அங்குலம்” என்று மட்டும் எழுதினால் போதாது, “உருட்டி இறுக்கிய பிறகு மூன்று அங்குலம்” என்று இருக்கவேண்டும். லூசாகப் பரப்பிய மூன்று அங்குலம் உருட்டினால் இரண்டரைக்கும் கீழே போகலாம். இதைச் சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. 20 அடிக்கு 30 அடி ட்ரைவ்வே 600 சதுர அடி. மூன்று அங்குலம் இறுகிய தாருக்கு ஏறத்தாழ 10 தொன் வேண்டும், ஒன்றரை அங்குலத்துக்கு 5 தொன். லொறி தார் ஆலையிலிருந்து நிறைச் சீட்டோடுதான் வரும். அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எட்டு அங்குலக் கல்லுக்கு 25 தொன் அளவில் வரும். ஒரு சின்ன லொறி ஒருதரம் வந்து கொட்டிவிட்டுப் போனால் அது எட்டு அங்குலம் அல்ல. எஸ்டிமேற்றில் 13 வீத விற்பனை வரியான எச்.எஸ்.ரி. சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிண்டுவதென்றால் முதலில் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவிக்கவேண்டும். காஸ் குழாய், கேபிள் எல்லாம் எங்கே போகிறது என்று இலவசமாக அடையாளமிட ஏற்பாடு செய்வார்கள். “பக்கத்துத் தெருவில் வேலை, மிச்சத் தார் இருக்கு, பாதி விலைக்குப் போட்டுத் தாறம்” என்று கதவைத் தட்டுகிறவர்களை அப்படியே அனுப்பிவிடுங்கள். தவறிப்போய்க் கையெழுத்து வைத்திருந்தால், வீட்டு வாசலில் செய்த அத்தகைய ஒப்பந்தத்தை 10 நாட்களுக்குள் ரத்துச்செய்ய ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

காலமும் பார்க்கவேண்டும். ஆலையிலிருந்து 150 பாகை செல்சியஸ் அளவில் புறப்படும் தார், 80க்குக் கீழே ஆறுவதற்குள் உருட்டப்படவேண்டும். மெல்லிய படை வேகமாக ஆறும். அதனால் நவம்பர்க் காற்றில் அவசரமாகப் போடும் மேற்படையை நான் நம்பமாட்டேன். முழு வேலையின் தடித்த படை கொஞ்சம் பொறுக்கும், என்றாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்லது. முதல் கோடையில் கார் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள், தார் சுருண்டு தழும்பு விழும். தாருக்கு மேலே பூசும் காப்புப் பூச்சான சீலரை அடிக்கவும் அவசரப்படவேண்டாம், அடுத்த வருடம் வரட்டும்.

மூலை வீட்டு அக்கா போன கிழமை கூப்பிட்டார். மூன்று எஸ்டிமேற் வந்திருக்கிறதாம், எதைத் தெரிவுசெய்வது என்று விளங்கவில்லையாம். “ஒண்டுக்கும் ஓமெண்டு சொல்லாதேங்கோ அக்கா, சனிக்கிழமை காலமை வாறன்” என்றேன். மண்வெட்டியைக் கராஜ் வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன்.