ஸ்ட்ரான்சியமா, கால்சியமா? லாந்தனம் மாங்கனைட்டில் எதைச் சேர்ப்பது

பெரோவ்ஸ்கைட் எனும் படிக அமைப்புள்ள ஆக்சைடுகளில் லாந்தனம் மாங்கனைட் (லாந்தனம், மாங்கனீசு, ஆக்சிஜன் சேர்ந்தது) தனியாக இருக்கும்வரை காந்தமாகப் பயன்படாது. சுமார் 140 கெல்வினுக்குக் கீழே ஓர் அடுக்கின் ஸ்பின்கள் (எலக்ட்ரான்களைக் குட்டிக் காந்தங்களாக்கும் பண்பு) ஒரு பக்கமும் அடுத்த அடுக்கின் ஸ்பின்கள் எதிர்ப்பக்கமும் நின்று ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மின்சாரத்தையும் கடத்தாது. லாந்தனத்தில் 30 சதவீதத்தை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்சியமோ கால்சியமோ வைத்தால், குளிர்ந்த நிலையில் நல்ல காந்தமாகவும் உலோகம் போன்ற கடத்தியாகவும் ஆகிவிடுகிறது. 1950இல் நெதர்லாந்தில் யோங்கரும் வான் சான்டனும் இந்தக் காந்தத்தன்மையைக் கண்டறிந்தார்கள்.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். +3 மின்சுமையுள்ள லாந்தனம் இருந்த இடத்தில் +2 உள்ள ஸ்ட்ரான்சியமோ கால்சியமோ வந்ததும், மின்சுமையைச் சரிக்கட்ட மாங்கனீசில் ஒரு பகுதி +3இலிருந்து +4 ஆகிறது. அப்புறம் +3 மாங்கனீசில் உள்ள எலக்ட்ரான் ஆக்சிஜன் வழியாகப் பக்கத்து +4க்குத் தாவுகிறது. இரு ஸ்பின்களும் ஒரே திசையில் இருந்தால்தான் இந்தத் தாவல் எளிது. அதனால் எல்லா ஸ்பின்களும் ஒரே பக்கம் திரும்புகின்றன. 1951இல் கிளாரன்ஸ் சீனர் (Zener) என்ற இயற்பியலாளர் சொன்ன இரட்டைப் பரிமாற்றம் இதுதான்.

சரி, +4 மாங்கனீசின் அளவு சமம் என்றால் காந்தத்தன்மை மறையும் வெப்பநிலையும் சமமாக வேண்டுமே? இல்லை. ஸ்ட்ரான்சியத்துக்கு அது ஏறக்குறைய 370 கெல்வின். கால்சியத்துக்குச் சுமார் 250. ஒன்று கொதிநீரின் சூட்டுக்குக் கிட்டத்தட்ட வருகிறது, மற்றொன்று உறைநிலைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. காரணம் அயனியின் பருமன். ஸ்ட்ரான்சியத்தின் ஆரம் 1.44 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), கால்சியத்தினுடையது 1.34. சின்ன அயனி வந்தால் ஆக்சிஜன் எண்முகிகள் (ஒவ்வொரு மாங்கனீசையும் சூழ்ந்த ஆறு ஆக்சிஜன்களின் கூடுகள்) அதிகமாகச் சாய்கின்றன, மாங்கனீசு–ஆக்சிஜன்–மாங்கனீசு கோணம் 180 பாகையிலிருந்து இன்னும் விலகுகிறது, தாவல் தடுமாறுகிறது. 0.1 ஆங்ஸ்ட்ராம் வித்தியாசம் நூறு கெல்வினுக்கு மேல் இழுத்துவிடுவது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

ஆனால் அந்தத் தடுமாற்றமே கால்சியத்தின் பலமும்கூட. காந்தத்தன்மை மறையும் வெப்பநிலைக்கு அருகே மின்தடை மிக உயர்ந்து நிற்கும். காந்தப்புலம் கொடுத்தால் சட்டென்று சரியும். 1994இல் கால்சியம் கலந்த ஒரு மென்படலத்தில் மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் மாறியது. ஆனால் அதற்கு 77 கெல்வின் குளிரும் 6 டெஸ்லா புலமும் வேண்டியிருந்தன. அறை வெப்பநிலையில் வேலை செய்யவேண்டிய கருவிக்கு நான் ஸ்ட்ரான்சியத்தைத்தான் எடுப்பேன். காந்தமும் மின்கடத்தலும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று பார்க்கக் கால்சியம்.

மாங்கனீசின் இடத்திலேயே இரும்பை வைக்கலாமே என்றால், பருமன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எலக்ட்ரான் தாவும் பாதையிலேயே வந்து உட்கார்ந்து தாவலில் சேராமல் நிற்கும். காந்தம் வேகமாக வலுவிழக்கும்.

எதைச் சேர்த்தாலும் ஆக்சிஜனைக் கவனிக்கவேண்டும். காற்றில் சுட்ட லாந்தனம் மாங்கனைட்டில் ஆக்சிஜன் மிகுந்துவிட்டால், எதையும் சேர்க்காமலே +4 மாங்கனீசு உருவாகி ஃபெர்ரோ காந்தத்தன்மை (ஸ்பின்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிய நிலை) தலைகாட்டும். மூலப்பொருளான லாந்தனம் ஆக்சைடு ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுக்கும்; எடை போடும் முன் நன்றாகச் சூடாக்காவிட்டால், 0.3 (அதாவது 30 சதவீதம்) என்று எழுதிவைத்த விகிதம் மாதிரியில் இருக்காது.