மணமூட்டிய ஆலிவ் எண்ணெய்: டர்பன் வெயிலில் எது தாங்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கோடைப் புழுக்கத்தில் அலமாரி எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். மணமூட்டிய எண்ணெய்க்கு அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: நஞ்சு. இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு.

வீடுகளில் செய்வது, பச்சைப் பூண்டையோ அப்போது பறித்த கறிவேப்பிலையையோ எண்ணெயில் போட்டு மூடிவைப்பது. இதை நான் முற்றாக எதிர்க்கிறேன். பூண்டு மண்ணுக்குள் விளைவது. பொட்டுலினம் பாக்டீரியாவின் வித்திகள் (உறங்குநிலையில் இருக்கும் நுண்ணிய செல்கள்) அதில் ஒட்டியிருக்கலாம். பூண்டில் ஈரம் உண்டு, புளிப்பு போதாது. எண்ணெய் காற்றையும் தடுத்துவிடுகிறது. வித்தி முளைத்து நஞ்சு சுரக்க வேறென்ன வேண்டும்? 1985இல் கனடாவின் வான்கூவரில், ஓர் உணவகத்தில் எண்ணெயில் ஊறிய பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் நோயுற்றார்கள். நிறமோ மணமோ மாறாமலே நஞ்சேறியிருக்கும் என்பதுதான் கொடுமை. செய்தே தீர வேண்டுமென்றால் குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

காய்ந்த சரக்கு வேறு கதை. விக்டோரியா தெருச் சந்தையில் வாங்கும் வற்றல் மிளகாயில் வித்தி முளைக்கப் போதிய ஈரம் இல்லை. கறிவேப்பிலையையும் நன்றாக உலர்த்துங்கள்: விரலிடையே நசுக்கினால் நொறுங்க வேண்டும், துவண்டு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இங்கே பயம் சிக்குதான். இலையின் பச்சையம் எண்ணெயில் இறங்கினால் வெளிச்சத்தில் அது விரைவாகக் கெடும். ஆகவே மணம் ஏறியதும் வடிகட்டி, கருநிறப் புட்டியில் ஊற்றுங்கள். ரோஸ்மேரி ஒரு விதிவிலக்கு. அதிலுள்ள கார்னோசிக் அமிலம் எண்ணெய் கெடுவதைத் தாமதப்படுத்தும்.

காசு கொடுத்து வாங்குவதானால், ஆலிவோடு எலுமிச்சையையும் சேர்த்தரைத்த எண்ணெய்க்கே என் ஓட்டு. சாறும் நீரும் மையவிலக்கு இயந்திரத்தில் பிரிந்துபோக, தோலின் மணம் எண்ணெயில் தங்கிவிடுகிறது. அறுவடைக் காலத்தில் மட்டுமே இப்படி அரைக்க முடியும். விலை கூடுவது நியாயமே. புட்டியில் அறுவடை ஆண்டைப் பாருங்கள்.

எசென்ஸ் கலந்தவை ஈரமில்லாததால் பத்திரமானவை. ஆனால் பழைய எண்ணெயின் வாடையை அந்த மணம் மறைத்துவிடலாம் என்பதால் எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை குறைவு.

பூண்டு மணம்தான் வேண்டுமென்றால், சாப்பிடும் வேளையில் தாளித்துக் கொட்டி, அப்போதே தீர்த்துவிடுவது நல்லது.