லிதுவேனியா வேர்களைத் தேடித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

முன்னோர்களின் ஞானஸ்நானப் பதிவை எடுத்துத் தருகிறோம், தொடர்பு விட்டுப்போன உறவினர்களைச் சேர்த்து வைக்கிறோம் என்று லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ் முகவரி போட்டு விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்திடம் என் மாமியார் இரண்டாயிரம் டாலருக்கு மேல் இழந்திருக்கிறார். பெயரைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை, அதை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஏமாற்றும் விதம் மட்டும் மாறவில்லை, அதனால் அதைச் சொல்கிறேன். என்னைப் போல லிதுவேனியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தமிழர்கள் அமெரிக்காவில் எத்தனை பேரோ, ஆனால் போலந்து, உக்ரைன் வேர் தேடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

அத்தையின் தாத்தா 1907இல் மரியாம்போலே பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிகாகோ வந்து, இங்கிருந்த இறைச்சிக் கூடங்களில் வேலை பார்த்தவர். அப்போது லிதுவேனியா என்று தனி நாடு கிடையாது. அந்தப் பகுதி ரஷ்யப் பேரரசின் சுவால்கி மாகாணம். அவர் கல்லறையில் பிறந்த வருஷம் 1889 என்று செதுக்கியிருக்கிறது. அத்தைக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

நிறுவனம் முதலில் ஒரு நீண்ட படிவம் அனுப்பியது. தாத்தா பெயர், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், அண்ணன் தம்பிகள், கப்பல் ஏறிய ஊர், கல்லறைப் படம் எல்லாம் கேட்டார்கள். கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் அதற்கப்புறம்தான் சொன்னார்கள். முன்பணம் கட்டிய சில வாரத்தில் ஒரு 'சான்றிதழ்' வந்தது. தடித்த காகிதம், சிவப்பு மெழுகு முத்திரை, மேலே குடும்பச் சின்னம் என்று ஒரு குதிரை வீரன். தாத்தா வீட்டார் நிலம் உழுதவர்கள் என்று அத்தையே சொல்வார். ஆனாலும் குதிரையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம், சட்டம் போட்டு மாட்டினார்.

எனக்கு உறுத்தியது எழுத்து. அந்தச் சான்றிதழ், 1889ஆம் வருஷத்து மூலப் பதிவை 'அப்படியே' எடுத்து எழுதியது என்று சொன்னது. எழுதியிருந்தது லிதுவேனிய மொழியில், லத்தீன் எழுத்தில், ஒற்றைத் தேதியோடு. அந்தக் காலத்தில் அது நடக்காது. 1864 முதல் 1904 வரை லிதுவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடவே ஜார் அரசு தடை போட்டிருந்தது. சுவால்கி மாகாணத்தின் பங்குப் பதிவேடுகள் (பங்கு என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) 1868 வரை போலிஷ் மொழியில், அதற்குப் பிறகு ரஷ்ய மொழியில். தேதியும் இரண்டாகத்தான் இருக்கும். ரஷ்ய நாட்காட்டி பன்னிரண்டு நாள் பின்தங்கியிருந்ததால் ஏப்ரல் 2/14 என்பது போல எழுதுவார்கள். பதிவே ஒரு பத்தியாகப் போகும்: இன்னார் நேரில் வந்தார், விவசாயி, வயது இவ்வளவு, சாட்சிகள் முன்னிலையில் ஒரு ஆண் குழந்தையைக் காட்டினார் என்று.

மூலத்தின் போட்டோவைக் கேட்டோம். அதற்குத் தனிக் கட்டணம். அனுப்பினார்கள், உண்மையான பழைய பக்கம்தான், கோணல்மாணலான ரஷ்யக் கையெழுத்து. கூட வேலை பார்க்கும் உக்ரைன்காரர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு வரி படித்தார், சிரித்துவிட்டார். எழுபது வயதில் இறந்துபோன ஒரு விதவையின் மரணப் பதிவு அது. பக்கம் முழுக்கத் தேடினாலும் குழந்தையே இல்லை.

இதற்குள் 'உறவினர்' வந்துவிட்டார். தாத்தாவின் தம்பி வழிப் பேத்தி என்று ஒரு பெண் ஈமெயில் போட ஆரம்பித்தார். தலையில் துணி கட்டிய பாட்டி படம், ஆப்பிள் மரம், எல்லாம் வந்தது. பிறகு ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. வீடியோவில் பேசலாமா என்றால் நெட் சரியில்லை. லிதுவேனியாவிலா நெட் சரியில்லை! அவர் எழுதியதை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தால், அத்தை படிவத்தில் நிரப்பியதைத் தாண்டி ஒரு பெயர், ஒரு சம்பவம் புதிதாக இல்லை. 1889 என்ற வருஷமும் அப்படி வந்ததுதான். முதல் உலகப் போர் காலத்து ராணுவப் பதிவு அட்டையில் தாத்தா தன் பிறந்த வருஷம் 1886 என்று சொல்லியிருக்கிறார். கல்லறைக் கல்லில் இருந்த பிழை அப்படியே 'ஆவணக் காப்பக'த்துக்குள் போய்ச் சான்றிதழாகத் திரும்பி வந்திருக்கிறது.

கடைசி அஸ்திரம் பாஸ்போர்ட். இந்தச் சான்றிதழை வைத்து லிதுவேனியக் குடியுரிமை வாங்கலாம், பேரப்பிள்ளைகள் ஐரோப்பாவில் படிக்கலாம் என்றார்கள். வம்சாவளிக் குடியுரிமைக்கு அந்த முன்னோர் 1918க்கும் 1940க்கும் இடையில் இருந்த சுதந்திர லிதுவேனியாவின் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 1907இல் கிளம்பிப்போய் இங்கேயே தங்கிவிட்டவர் எப்படி ஆவார்? லிதுவேனிய வம்சாவளி என்று காட்டும் சான்று ஒன்று அந்நாட்டு அரசு தருகிறது, ஆனால் அது பாஸ்போர்ட் ஆகாது.

இன்னொரு வரியும் பில்லில் இருந்தது: 'அரோல்சன் ஆவணத் தேடல், 300 டாலர்'. 1944இல் சோவியத் படை திரும்ப வந்தபோது மேற்கே ஓடிப்போய், ஜெர்மனி அகதி முகாம்களில் இருந்துவிட்டு, ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போன லிதுவேனியர்கள் ஏராளம். அவர்களைப் பற்றிய காகிதங்கள் ஜெர்மனியின் அரோல்சன் காப்பகத்தில் இருக்கின்றன. உறவினரைத் தேடும் குடும்பங்களிடம் அந்தக் காப்பகம் ஒரு காசு வாங்குவதில்லை. நாங்களே இப்போது விண்ணப்பித்திருக்கிறோம், பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள்.

தேட வேண்டியவர்கள் அமெரிக்கக் காகிதத்தில் ஆரம்பியுங்கள். 1906க்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்களில் பிறந்த ஊர், கப்பல், வந்த தேதி எல்லாம் இருக்கும். ஊர் தெரிந்தால் பங்கு தெரியும், பங்கு தெரியாமல் யாராலும் எதையும் எடுக்க முடியாது. பங்குப் பதிவேடுகள் பலவற்றை எபாவெல்தாஸ் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகப் புரட்டலாம், ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்திலும் உண்டு. சுவால்கிப் பதிவேடுகளில் பெரும்பாலும் வருஷக் கடைசியில் பெயர் அட்டவணை இருக்கும், ரஷ்ய எழுத்துகளை ஒரு வாரம் உட்கார்ந்து பழகினால் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். தாத்தாவை அப்படித்தான் 1886ஆம் வருஷத்துப் பதிவேட்டில் பிடித்தோம். கையெழுத்து புரியவில்லை என்றால் வில்னியஸில் உள்ள அரசு வரலாற்று ஆவணக் காப்பகத்துக்கே எழுதலாம். சிகாகோவில் இருப்பவர்களுக்கு அங்குள்ள பால்செகாஸ் லிதுவேனிய அருங்காட்சியகத்தில் வம்சாவளிப் பிரிவு இருக்கிறது. ஒழுங்காக வேலை செய்யும் தனி ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். காப்பகத்தின் பெயர், தொகுதி எண், கோப்பு எண், பக்க எண் கொடுப்பீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். எங்களுக்கு வந்த சான்றிதழில் அந்த எண்கள் ஒன்றுகூட இல்லை.

கார்டில் கட்டிய பணத்தை வங்கி திருப்பிக் கொடுத்துவிட்டது. 'உறவினருக்கு' வயரில் அனுப்பியது போனது போனதுதான். போன மாதம் பாஸ்போர்ட்டைச் சொல்லி வேறு பெயரில் அத்தைக்கு ஒரு விளம்பரம் வந்தது, இணைப்பைத் திறந்தால் அதே படிவம், அதே கேள்விகள், அதே குதிரை வீரன்.