தினமும் ஒரு மாத்திரையா, ஐந்தாண்டுக்கு ஒரு சாதனமா?

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். இருவருக்கும் எண்டோமெட்ரியோசிஸ். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் வைத்து நான்காவது ஆண்டு நடக்கிறது. தங்கை பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறாள். மூன்று ஆண்டுகளாக டயனோஜெஸ்ட் மாத்திரை சாப்பிடுகிறாள். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினான்கு வயதில் எனக்குத் தொடங்கிய வலிக்கு முப்பத்தாறு வயதில்தான் பெயர் தெரிந்தது. பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டு பெற்றேன், சரியாகவில்லை.

நோயைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு, வெளியே சூலகத்திலும் இடுப்புக்குழியிலும் சிலருக்குக் குடல்மேலும் வளர்கிறது. மாத்திரை, சாதனம் இரண்டுமே புரோஜெஸ்டோஜென் வகை மருந்துதான், அதாவது உடலில் சுரக்கும் புரோஜெஸ்டெரோன் ஹார்மோனைப் போல வேலை செய்பவை. இரண்டும் அந்தத் திசுவை அடக்கி வைக்கின்றனவே தவிர அழிப்பதில்லை. நிறுத்தினால் வலி திரும்பலாம். அதனால்தான் இரண்டில் எது முதல் மூன்று மாதத்தில் வேகமாக வலியைக் குறைக்கிறது என்பதைவிட, எதை மூன்றாம் ஆண்டிலும் விடாமல் தொடர முடியும் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் மாத்திரை. ஓர் அட்டையில் 28. ஓர் அட்டை முடிந்த மறுநாளே அடுத்ததைத் தொடங்க வேண்டும், நடுவில் இடைவெளி கிடையாது. ஆண்டுக்குப் பதின்மூன்று அட்டைகள். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். விழுங்கிய மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும். காகிதத்தில் படிக்கும்போது எளிதாகத்தான் தெரிகிறது.

போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு பஸ்ஸில் தங்கை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அட்டை ஜெலுத்தோங்கில் குளிர்சாதனப் பெட்டியின் மேலேயே தங்கிவிட்டது. மூன்று மருந்தகங்களில் கேட்டோம். மருத்துவர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார்கள், அது நியாயமும்தான். பண்டிகை நாளில் அவளுடைய கிளினிக்கும் மூடியிருந்தது. இரண்டு நாள் மாத்திரை தவறியது. மூன்றாம் நாள் இரத்தக்கசிவு தொடங்கியது, கூடவே வலியும். நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். அவள் சமையலறைத் தரையில், வெந்நீர்ப் பையை வயிற்றோடு அணைத்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அக்கா, ஒரு நாள்கூட மறக்கக் கூடாது என்றால் நான் எப்படி மனுஷியாக இருப்பது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

எனக்கு அந்தக் கவலை இல்லை. T வடிவப் பிளாஸ்டிக் சாதனம், அதற்குள் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் மருந்து. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் கசிகிறது. வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சையின்போது கருப்பைக்குப் பின்னால் இருந்த திட்டுகளை எடுத்துவிட்டு, அதே மயக்கத்திலேயே சாதனத்தையும் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நான் யோசிக்க நேரம் கேட்டேன். பிறகு கிளினிக்கில் மயக்கமில்லாமல் வைத்துக்கொண்டேன். சில நிமிடங்கள்தான், ஆனால் பிரசவ வலியின் முதல் கட்டத்தை நினைவூட்டிய வலி. இரண்டு பிரசவம் கண்ட எனக்கே இப்படி என்றால், பிள்ளை பெறாத பெண்களுக்கு இன்னும் கடுமையாக இருக்கலாம். வலி தணிக்க என்ன தருவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அதன் பிறகு ஐந்து மாதம் விட்டு விட்டு இரத்தக்கசிவு. பள்ளிக்கு வெள்ளைப் புடவை கட்டுவதையே நிறுத்தியிருந்தேன். ஐந்தாம் மாதம் எடுத்துவிடச் சொல்லலாம் என்று நாள்கூடக் குறித்தேன். ஆறாம் மாதம் கசிவு நின்றது. அன்றிலிருந்து மாதவிலக்கு பெயரளவுக்குத்தான். வலிக்காக எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. பராமரிப்பு என்றால் அவ்வப்போது சாதனத்தின் நுனியில் தொங்கும் நூல் இருக்கிறதா என்று விரலால் பார்ப்பதும், மருத்துவரிடம் மறுபரிசோதனைக்குப் போவதும் மட்டும்தான். சிலருக்குச் சாதனம் தானாக வெளியே வந்துவிடுவதுண்டு. அதனால் நூல் பார்ப்பதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. செலவும் முதலிலேயே மொத்தமாகக் கொடுக்க வேண்டும், கை கனக்கத்தான் செய்யும். ஆனால் தங்கை மாத்திரைக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தபோது, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அது என் செலவைத் தாண்டியிருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு மாதவிலக்கு வலி திரும்பாமல் இருக்க, குறைந்தது 18 முதல் 24 மாதங்கள் இந்தச் சாதனத்தையோ ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டோஜெனும் சேர்ந்த கூட்டு ஹார்மோன் மாத்திரையையோ ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி பரிந்துரைக்கிறது. என் முடிவுக்கு அதுவும் துணை நின்றது.

இனி என் அனுபவம் போதாத இடம். தங்கைக்கு இடது சூலகத்தில் சாக்லெட் கட்டி, அதாவது இந்த நோயால் பழைய இரத்தம் தேங்கிய கட்டி, இருக்கிறது, எனக்கு இல்லை. டயனோஜெஸ்ட் பெரும்பாலும் சினைமுட்டை வெளியாவதையே நிறுத்துகிறது. சாதனம் முக்கியமாகக் கருப்பைக்குள் வேலை செய்கிறது. அதை வைத்துக்கொண்ட பலருக்குச் சினைமுட்டை வழக்கம்போல் வெளியாகிறது. அதனால் சூலகத்தில் கட்டி உள்ள அவளுக்கு, சூலகத்தையும் அடக்கும் மாத்திரையே பொருத்தம் என்று அவளுடைய மருத்துவர் சொன்னார். கட்டி உள்ள ஒருவருக்கு என் அனுபவத்தைக் காட்டிச் சாதனம்தான் சிறந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவள் இன்னொரு குழந்தைக்கும் ஆசைப்படுகிறாள். மாத்திரையை எந்த நாளும் தானே நிறுத்திவிடலாம். சாதனத்தை எடுக்க மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: டயனோஜெஸ்டைக் கருத்தடைக்காக நம்பக் கூடாது. மனச்சோர்வு இருந்தவர்கள் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. தங்கைக்கு முதல் சில மாதங்கள் எதிலும் மனம் ஒட்டவில்லை.

மாத்திரையை நினைவூட்ட, இரவு ஒன்பது மணிக்கு அவளுடைய கைப்பேசி ஒலிக்கிறது. தீபாவளிக்குப் பிறகு அவள் மருத்துவரிடம் கூடுதலாக ஓர் அட்டைக்குச் சீட்டு வாங்கினாள். அது இப்போது செந்தூலில், என் வீட்டு மருந்துப் பெட்டியில், அவள் பெயர் எழுதி இருக்கிறது.