'யாருக்கு' என்ற கட்டம்: காரைக்குடியில் ஒரு வாடகை விளம்பரச் சேவை

காரைக்குடி செக்காலைப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் மாடியை வாடகைக்கு விடுவதற்காக, உள்ளூர்த் தரகு நிறுவனம் ஒன்றின் விளம்பரச் சேவையைச் சென்ற மாதம் பயன்படுத்தினேன். பத்து நாள் விளம்பரத்துக்கு 300 ரூபாய். அவர்களே வந்து படம் எடுத்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த முன்னறை, நான் எடுத்திருந்தால் அவ்வளவு அழகாக வந்திராது. குறை வாசகத்தில் இருந்தது.

இரண்டு படுக்கையறை, வாடகை 9,000, தெருவிலிருந்து 22 படிகள், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், ஒரு இருசக்கர வாகனம் நிறுத்த இடம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மறுநாள் வெளியானதில் படிகளைக் காணோம். "சைவம் மட்டும், நல்ல குடும்பத்தார் மட்டும், பேச்சிலர் வேண்டாம்" என்று இருந்தது. வாரம் இருமுறை கறி வேகும் வீட்டின் மாடிக்கு, அதுவும் கோழிக் குழம்புக்குப் பேர்போன செட்டிநாட்டில், இப்படி ஒரு விளம்பரம்!

படிவத்தில் 'யாருக்கு' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். நான் அதை நிரப்பாமல் விட்டதால் வழக்கமான வாசகத்தைத் தாங்களே போட்டதாக அலுவலகத்துத் தம்பி தொலைபேசியில் விளக்கினார். "அண்ணே, அதப் போடலேன்னா கண்டவங்களும் போன் போடுவாங்க, உங்களுக்குத்தான் தொந்தரவு." அந்தக் கண்டவங்க யார் என்று கேட்டேன்; பேச்சை மாற்றினார். வாடகை விளம்பரத்தில் 'சைவம்' என்பது பல சமயம் சமையலைப் பற்றிய சொல்லே அல்ல, சாதியை எழுதக் கூசுகிறவர்கள் அதற்குப் பதிலாக எழுதும் சொல் என்பது இருவருக்குமே தெரியும்.

தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது, 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகை வீட்டில் பாகுபாட்டைத் தடுக்கின்றன. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் விளம்பர வாசகத்தையே கட்டுப்படுத்துகிறது: தான் குடியிருக்கும் சிறு கட்டடத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு விடுபவருக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் சில விலக்குகள் உண்டென்றாலும், இன்ன இனத்தார், இன்ன மதத்தார் வேண்டும் என்று விளம்பரத்தில் எழுத அவருக்கும் அனுமதியில்லை. அப்படி ஒன்று இங்கே இல்லாததால்தான் அந்தக் கட்டம் தைரியமாக அச்சாகிறது.

திருத்தச் சொன்னதும் ஒரு மணி நேரத்தில் திருத்தினார்கள், 50 ரூபாய் கட்டணத்துடன். தவறு யாருடையது என்று வாதாடியும் பயனில்லை. படிகளைச் சேர்க்கச் சொன்னபோது "வயதானவர்களுக்கு ஏற்றதல்ல" என்று போடலாமா என்று கேட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் போடச் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 22 படிகளையும் இடையில் நிற்காமல் ஏறி வந்து, சமையலறை இருட்டாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மாடியில் இருப்பவர், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு செய்யும் திருமணமாகாத இளைஞர். விளம்பரத்தைப் பார்த்து அழைத்தபோது, அலுவலகத்தில் முதலில் சொந்த ஊரையும், பிறகு அந்த ஊரில் எந்தத் தெரு என்பதையும் கேட்டுவிட்டுத்தான் என் எண்ணைக் கொடுத்தார்களாம். வாசகத்திலிருந்து எடுத்ததைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேரை அந்தக் கேள்வியோடு திருப்பி அனுப்பினார்களோ, என்னிடம் கணக்குச் சொல்லவில்லை.

படங்களுக்கும் வேகத்துக்கும் சேர்த்து ஐந்துக்கு இரண்டு தருகிறேன். பயன்படுத்துகிறவர்கள் 'யாருக்கு' என்ற கட்டத்தில் பேனாவால் குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள், வெளியிடுமுன் வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், அழைப்புகள் நேராக உங்கள் எண்ணுக்கே வரட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.