‘மழையே வா வா’வும் ‘எனக்கு லீவு வேண்டாம்’உம்

சின்னப் பிள்ளைகளைத் தங்கள் மனசில் இருப்பதைக் கவிதையாக எழுத வைக்க மூன்று வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். ஒன்று, ஓசை: வரி முடிகிற சொல்லைக் கொடுத்து அதற்கேற்ப எழுதச் சொல்வது. இரண்டு, கோடிட்ட இடம். மூன்று, பிள்ளை சொல்லச் சொல்ல நாம் எழுதிக்கொள்வது. நான் மூன்றாவது கட்சி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-இல் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தவள் நான். ஊர் மன்னார்குடிப் பக்கம். வீட்டுத் திண்ணையில் இரண்டாவது, மூன்றாவது படிக்கிற பிள்ளைகள் பன்னிரண்டு பேர். பாடம் முடிந்த கடைசி அரை மணி நேரம் கதை, விடுகதை, அப்புறம் இந்தக் கவிதை வேலை.

கோடிட்ட இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘எனக்கு ____ ஆக இருக்கிறது, ஏனென்றால் ____’ என்று பலகையில் எழுதினேன். பாதிப் பேர் மகிழ்ச்சி, மீதிப் பேர் சோகம். ஒரு பாப்பாவிடம் என்ன சோகம் என்று கேட்டேன். “மகிழ்ச்சி எழுத வரலக்கா” என்றாள்.

ஓசை வழிக்கு மரியாதை உண்டு. பிள்ளைகளுக்குக் கை தட்டத் தாளம் கிடைக்கிறது, மனப்பாடம் ஆகிறது, ஆண்டு விழா மேடையில் எடுபடுகிறது. பெரும்பாலும் நாம் கேட்பது எதுகையோ மோனையோ இல்லை, கடைசியில் ஒலிக்கிற இயைபுதான். அது வேறு கதை. போன ஐப்பசி மழையில் மூன்றாவது படிக்கிற பையன் ஒருவன் இப்படி எழுதிக் கொடுத்தான்:

மழையே மழையே வா வா
மகிழ்ச்சி மகிழ்ச்சி தா தா

நன்றாக இருக்கிறதே என்று ஸ்டார் போட்டேன். இரண்டு நாள் கழித்து அதே பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, “மழை பெய்யறப்ப உனக்கு என்னடா பண்ணுது?” என்று கேட்டு, அவன் சொன்னதை அப்படியே எழுதினேன்:

மழை பெஞ்சா லீவு.
அப்பா நெல்லுகிட்ட படுத்திருக்காரு.
தார்ப்பாய் பறக்கும்.
எனக்கு லீவு வேண்டாம்.

குறுவை அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கும் நேரம் அது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுப்பதில் சிக்கல். எடை போடும்வரை வீட்டு ஆண்கள் ராத்திரி அங்கேயே காவல் கிடப்பார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட அந்த 17 தெரியும். அப்படிப்பட்ட வீட்டுப் பையனைத்தான் ‘மகிழ்ச்சி தா தா’ என்று எழுத வைத்திருந்தேன். ‘வா வா’வுக்கு ‘தா தா’ வேண்டியிருந்தது, அவனும் கொடுத்துவிட்டான்.

ஆனால் பழியை முழுக்க ஓசைமேல் போட முடியாது. என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவே இருக்கிற தூரம். மகிழ்ச்சி, துயரம், சினம் எல்லாம் இந்தப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் பார்த்த சொற்கள். வீட்டில் காதில் விழுவது கடுப்பு, வயித்தெரிச்சல், ‘பக்குனு ஆயிடுச்சு’, ‘ஒரு மாதிரியா இருக்கு’. எழுது என்றதும் ஏழு வயசுப் பிள்ளை மனசில் உள்ளதைப் பேச்சில் பிடித்து, பேச்சை எழுத்துத் தமிழாக்கி, அதற்குள் எந்த ல, எந்த ழ என்றும் பார்க்க வேண்டும். கை வலிக்கும். எது சுலபமோ அதை எழுதிவிட்டு விளையாடப் போய்விடும். பென்சிலை நாம் வாங்கிக்கொண்டால் பிள்ளைக்கு முதல் வேலை மட்டும்தான் மிஞ்சுகிறது.

கேள்வியும் முக்கியம். “என்ன உணர்ச்சி?” என்றால் முழிப்பார்கள். “எங்க பண்ணுது?” என்றால் கை தானாக நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ போகும். தொல்காப்பியம் அழுகை, அச்சம், வெகுளி என்று எட்டாகப் பிரித்து மெய்ப்பாடு என்று பெயர் வைத்ததே, அந்த மெய் உடம்புதான். கை போன பிறகு திக்திக், குறுகுறு, படபட என்று வரும். இரட்டைக்கிளவி என்று பிற்பாடு இலக்கணத்தில் படிக்கப் போவதெல்லாம் இப்போதே வாயில் இருக்கிறது.

இதில் தொல்லையும் உண்டு. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும்; ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் முடியாது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது. உதவிக்கு ஏழாவது படிக்கிற பெண்ணை உட்கார வைத்தேன். அவள் ‘அப்பா நெல்லுகிட்ட’ மாதிரி வரிகளை ‘தந்தையார் நெல்லின் அருகில்’ என்று திருத்தி அழகாக எழுதி வைத்தாள். பிறகு, “இப்படிக் கொச்சையா எழுதுனா பரீட்சையில மார்க் போடுவாங்களா?” என்று ஒரு அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்குத் தனி நோட்டு வைத்திருக்கிறேன். பள்ளி நோட்டில் இந்தப் பேச்சு கலந்ததாக இதுவரை பார்க்கவில்லை. ஆனால் நான் பார்த்தது இரண்டு வருஷம், ஒரு திண்ணை.

நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளிடம் இதை அதிகம் செய்ததில்லை. முயன்ற இரண்டு பையன்களும் மற்றவர்கள் முன்னால் வாய் திறக்கவே வெட்கப்பட்டார்கள். அந்த வயசுக்கு ஓசை ஒரு மறைப்பாக உதவலாம். பாட்டு என்று சொல்லி உள்ளதைச் சொல்லிவிடலாம். சின்னவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

எழுதி முடித்ததும் நோட்டைப் பிள்ளையிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வேன். தான் சொன்னது என்பதால் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவார்கள். மழைப் பையன் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து இரண்டாவது வரியில் நின்றான். பழக்க தோஷத்தில் ‘படுத்திருக்கிறார்’ என்று எழுதியிருந்தேன்.

“நான் படுத்திருக்காருன்னுதானக்கா சொன்னேன்.”

ரப்பரை அவனே எடுத்து நீட்டினான்.