அரசியல் அறிவியல்: ஐந்து வருடம் ஒரே மூச்சிலா, மூன்றும் இரண்டுமாகவா?

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்டோம். இடப்பக்கம் ‘இன்டக்ரேட்டட்’, அதாவது பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்து எம்.ஏ. வரை ஒரே இடத்தில் படிக்கும் ஐந்தாண்டுப் படிப்பு; வலப்பக்கம் ‘பி.ஏ., அப்புறம் எம்.ஏ.’. அண்ணன் மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்பதில் உறுதியாக இருக்கிறாள். “சித்தப்பா, இன்டக்ரேட்டட்ல சேர்ந்தா ஒரு வருஷம் மிச்சமாகும்ல?” என்றுதான் பேச்சை ஆரம்பித்தாள்.

ஆகாது. அது அமெரிக்கக் கணக்கு. அங்கே பி.ஏ. நான்கு வருடம், எம்.ஏ. இரண்டு. இளங்கலையில் இருக்கும்போதே சில முதுகலைப் பாடங்களை எடுத்து, அந்த க்ரெடிட்டை (பாடத்துக்கான மதிப்புப் புள்ளியை) இரண்டு பட்டத்துக்கும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆறு வருடம் ஐந்தாகிறது. நமக்கு மூன்றும் இரண்டும் சேர்ந்தாலே ஐந்துதான்.

இங்கே நிஜமாகவே காலத்தைக் குறைப்பது, 2024 கடைசியில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்த விரைவுப் பட்டம். மூன்று வருடப் படிப்பை 5 செமஸ்டரிலும், நான்கு வருடப் படிப்பை 6 அல்லது 7 செமஸ்டரிலும் முடிக்கலாம். மொத்த இடங்களில் 10 சதவீதம் பேருக்குத்தான் வாய்ப்பு. ஆனால் ஐந்தாவது செமஸ்டரோடு டிசம்பரில் முடித்துவிட்டால், ஜூலையில் எம்.ஏ. தொடங்கும்வரை வீட்டில்தான் இருக்க வேண்டும். எம்.ஏ.வுக்குப் போகிறவர்களுக்கு இதில் பெரிய லாபம் தெரியவில்லை.

அப்படியானால் இன்டக்ரேட்டட் எதை மிச்சப்படுத்துகிறது? ஒரு நுழைவுத் தேர்வை. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். காலாப்பட்டில் உள்ள புதுச்சேரி பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். பிளஸ் டூ முடித்துச் சேர, பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் இளநிலைத் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. பி.ஏ. முடித்து எம்.ஏ.வுக்குப் போனால் எழுத வேண்டிய முதுநிலை க்யூட்டில், மொழிப் பாடங்களை விட்டால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். எங்கள் பெண் தமிழ் வழியில் படித்தவள். ஒரே பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வாசல்; ஒன்றில்தான் தமிழ் செல்லும். உள்ளே போனபின் பாடம் ஆங்கிலத்தில்தான் என்றாலும், பழகிக்கொள்ள ஐந்து வருடம் கிடைக்கிறதே.

இழப்பும் உண்டு. நான் வரலாற்றில் பி.ஏ. முடித்து, அரசியல் அறிவியலில் எம்.ஏ. படித்தவன். ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து தந்த 1992இன் 73ஆவது திருத்தத்தைப் பற்றிப் படித்தபோதுதான், எங்கள் ஊராட்சியில் யார் கையெழுத்தில் என்ன நடக்கிறது என்பதே புரிந்தது. அதன் பிறகு வேறு எதிலும் மனம் போகவில்லை. பதினேழு வயதில் இன்டக்ரேட்டட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தத் திருப்பம் எனக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்று, என் நண்பனுக்கு நடந்தது. ஓரிடத்தில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்து, மூன்றாம் வருடம் அப்பா படுத்த படுக்கையானதும் நின்றுவிட்டான். கையில் ஆறு செமஸ்டர் மார்க் ஷீட் இருந்தது, பட்டம் இல்லை. குரூப் 2 விண்ணப்பத்தில் ‘பட்டம்’ என்ற கட்டத்தில் எழுத அவனிடம் எதுவுமில்லை. புதிய கல்விக் கொள்கை மூன்று வருடத்தில் வெளியேறினால் பட்டம், நான்கில் ஹானர்ஸ் என்கிறது. இருந்தாலும் சேரும் இடத்தின் ப்ராஸ்பெக்டஸில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டமும் 21 வயதும் போதும். ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்திலும் ஐந்தாண்டுப் படிப்புகள் உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் போய்வந்து படிக்கலாம். காலாப்பட்டுக்குப் புதுச்சேரியில் பஸ் மாற வேண்டும். தினமும் அலைவது கஷ்டம், விடுதிதான் சரி. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எந்த வழியில் போனாலும் எம்.ஏ.வில் பொதுவாக 55 சதவீதமும், நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும், அதில் வித்தியாசமில்லை.

பாடத்தில் உறுதியும், தமிழில் தேர்வெழுதும் தேவையும் உள்ள பிள்ளைக்கு நான் இன்டக்ரேட்டட்டைத்தான் சொல்வேன். பாடத்தில் சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கல்லூரியில் பி.ஏ. படிக்கட்டும். அண்ணன் மகள் இடப்பக்கத்தை டிக் செய்தாள். அதன் கீழே, “மூணாம் வருஷம் டிகிரி தருவாங்களா? நேர்ல போய்க் கேக்கணும்” என்று எழுதி இரண்டு முறை வட்டம் போட்டாள். வருகிற திங்கட்கிழமை காலாப்பட்டுக்குக் கிளம்புகிறோம்.